காதுப் பிரிவுக்கு ஒரு போன்

நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். வேறு மாதிரி யாரும் வந்து சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் பையன் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நேற்று நம் கப்பல்காரன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். கப்பல் சமையலறையில் ஆள் குறைவாம், இவனே வெட்டி, இவனே வேகவைத்து, இவனே கழுவுகிறானாம். அது கிடக்கட்டும். வீட்டுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தானாம். மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம், எடுக்க ஆள் இல்லையாம். "அத்தை, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான். தொழுவத்தில் இருந்திருப்பார்கள் என்று சமாளித்தேன். "நான் கூப்பிடுற நேரமெல்லாமா தொழுவத்துல இருப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டான்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கப்பல் கரையில் நிற்குமாம். நான்கு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னான். அதை விட்டால் அடுத்த கரை பிப்ரவரியில்தானாம்.

அதற்குள் காதை டாக்டரிடம் காட்டுங்கள் அண்ணி. அண்ணன் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். ஆஸ்பத்திரியில் யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கிடைக்காத ஆளைக்கூட லைனில் கொண்டுவந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 14

நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகப் பார்த்திருக்கிறார். நாய் வந்து என் முழங்காலில் முட்டியதால் எழுந்து போய் வாங்கினேன். இப்போதெல்லாம் எனக்குக் காது அதுதான். அதற்கும் வயதாகிறது.

காதைக் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன அதைப் பெட்டியில் பூட்டியா வைத்திருக்கிறேன். காட்டிய கதையைக் கேள்.

இங்கே சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். அந்த ஒரு நாளும் வருவார் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், அழுக்கு என்றார், சொட்டு மருந்து கொடுத்தார். அழுக்குப் போயிற்று, காது வரவில்லை. மறுபடி போனேன். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டில் என் பெயர்கூட இல்லை. 4417 என்று போட்டிருக்கிறது. மாட்டுக் காதில் அடிக்கிற நம்பர் மாதிரி.

அந்தச் சீட்டுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? நேரில் வர வேண்டாம், காலை வேளையில் போன் செய்து நாள் வாங்கிக்கொள்ளவும் என்று. காது கேட்காதவள் காது டாக்டரைப் பார்க்க முதலில் போனில் பேச வேண்டுமாம். இங்கிருக்கும் நர்சிடம், நீயே ஒரு போன் செய்து கேட்டுச் சொல் என்றேன். நோயாளிதான் பேச வேண்டும், அதுதான் விதி என்று எழுதிக் காட்டினாள். எழுதிக் காட்டத் தெரிகிறது, போன் செய்யத் தெரியவில்லை.

சரி என்று நானே செய்தேன். எதிரில் என்னவோ கொரகொரவென்று வந்தது. ஆள்தான் என்று நினைத்து வயது, ஊர், எப்போதிலிருந்து கேட்கவில்லை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தேன். பால் வண்டிக்காரர் அப்போது கேனை எடுக்க உள்ளே வந்தார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பாட்டு ஓடுகிறதாம். நான் என் வியாதியை ஒரு பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வருடத்தைக் கிளறவில்லை என்று எழுதி, கிளறித்தான் இருக்கிறாய். நானும் சொல்லிவிடுகிறேன். என் பையன் என்னோடு பேசக் கூப்பிட்டான். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, உண்மைதான். நீ ரிசீவரை வாங்கினாய், எனக்குச் சொல்வதற்காக என்றுதான் வாங்கினாய். பிறகு நீ சிரித்தாய், தலையாட்டினாய், மறுபடி சிரித்தாய். என்ன சொல்கிறான் என்று கேட்டால், "சும்மாதான் அண்ணி, ஒண்ணுமில்ல" என்று காதருகில் கத்தினாய். ஒன்றுமில்லாததற்கா அத்தனை சிரிப்பு. நான் எழுந்து தொழுவத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது.

இந்த வருடம் என் பையனோடு நான் பேசுவேன். அதற்கான வழியை நானே பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

அண்ணி


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் பேசுவதைக் கேட்பதா, உங்களுக்குக் கத்துவதா? கத்திக் கத்தி மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதை யாரும் கேட்கவில்லை. நான் பிறந்த வீட்டிலிருந்து நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது வாசல் வரைக்கும்கூட நீங்கள் வரவில்லை. போகட்டும்.

இங்கே கடைத்தெருவில் இப்போதே கிறிஸ்துமஸ் கூட்டம். என் மாடிக்குக் கீழே இருக்கும் துணிக்கடைக்காரர் வாசலில் மின்சார நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அது என் படுக்கையறை ஜன்னலில் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி அடிக்கிறது. தூங்கினால் ரயில்வே சிக்னலுக்கு அடியில் தூங்குகிற மாதிரி இருக்கிறது. போய்ச் சொன்னால், பண்டிகை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்கிறார்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். எப்படியும் ஒரு வழி பிறக்கும். சீக்கிரமே பிறக்கும் என்று என் மனசு சொல்கிறது.

இந்த வருடம் எத்தனை வான்கோழி வளர்க்கிறீர்கள்? வாங்குகிறவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களா?

உங்கள் நாத்தனார்


டிசம்பர் 2

நாத்தனாருக்கு,

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"4417. தங்களுடன் தொலைபேசியில் உரையாடியதில், மிகத் தாழ்ந்த குரலில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கும் தாங்கள் தயக்கமின்றிச் சரியான பதில் அளித்தது தெரிய வருகிறது. எனவே தங்கள் பெயர் அவசரமற்றோர் வரிசைக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆகஸ்ட் மாதத்தில் தொடர்பு கொள்ளவும். தொலைபேசியில்."

பால் வண்டிக்காரரிடம் காட்டினேன். படித்துப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக என் தோளைத் தட்டினார். காது நன்றாக இருக்கிறது என்றுதானே போட்டிருக்கிறார்கள், சந்தோஷப்படுங்கள் என்று அர்த்தம். கிணற்றுக்குள் விழுந்த மாதிரி நான் நின்றுகொண்டிருக்கிறேன், இவர் தோளைத் தட்டுகிறார்.

நான் அவர்களோடு பேசியது ஒரே தடவை, அதுவும் ஒரு பாட்டோடு. பாட்டு இப்படிக் கடிதம் எழுதாது. தயக்கமின்றிச் சரியான பதில் சொல்கிற ஆள் நம் குடும்பத்தில் யார் என்று நான் ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன். எனக்குத்தான் காது கேட்காது, உனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது.

வான்கோழி எத்தனை என்று கேட்டாய். குறைந்துகொண்டு வருகிறது. போன வாரம் ஏதோ ஒன்று கூண்டுக்குள் புகுந்து பாதியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவை ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியிருக்கும். நாய் என் அறைக் கதவைப் பிறாண்டியிருக்கிறது, விடிந்த பிறகு மரத்தில் நகக்கீறலைப் பார்த்தேன். எங்கேயோ தூரத்தில் நடந்திருந்தால் பரவாயில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததே எனக்குத் தெரியவில்லை. வாங்க வந்தவர்களும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று போய்விட்டார்களாம். இது பால் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

இதெல்லாம் போனால் போகிறது. நான்கு மணிக்கு அவன் கூப்பிடுவான். நான் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்.

அண்ணி


டிசம்பர் 5

அண்ணிக்கு,

ஆமாம், நான்தான்.

உங்கள் கடிதத்தில் நம்பர் இருந்தது. உங்கள் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம், அண்ணன் வருடா வருடம் மறந்துபோய் என்னிடம்தான் கேட்பார். காலையில் போன் செய்தேன். பாட்டு ஓடியது, விடாமல் காத்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்தாள். "நோயாளிதான் பேசணும்மா" என்றாள். "நோயாளிதான் பேசுறேன்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? முதல் வரியிலேயே வைத்துவிடுவாளே.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சுத்தமாகக் கேட்கவில்லை, மாட்டின் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று உருக்கமாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எந்தக் காது மோசம், காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுமா. போகப் போகக் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தாள். அது சோதனை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் மூச்சுக்காற்று மாதிரிதான் வந்தது. "வீட்டில் படி இருக்கிறதா?" என்றாள். "மூன்று படி, கைப்பிடி கிடையாது" என்றேன்.

என்னை நம்புங்கள் அண்ணி. புயலில் கம்பி அறுந்து தொங்கிய நாளில்கூட, ஒரு கடலையே நடுவில் வைத்துப் பேசுகிறவர்களின் பேச்சைப் பிடித்து மறுபக்கம் சொன்னவள் நான். லைனில் குரல் தாழ்ந்தால் என் காது தானாக நிமிர்ந்துவிடும். பொய் சொல்லப் போன நான் அந்த நேரத்தில் ஆபரேட்டராகிவிட்டேன். பதில் சொல்லிவிட்டோம் என்பதே ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்போதும், பரவாயில்லை, கவனித்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நேரில் போனேன். காதுப் பிரிவு கடைசிக் கட்டடம், கவுண்டர் முழுக்க வெள்ளி ஜரிகைத் தோரணம் சுற்றியிருக்கிறார்கள், நடுவில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் குமாஸ்தா முகம் தெரிகிறது. நடந்ததைச் சொன்னேன்.

"4417 யாரு?"

"எங்க அண்ணி."

"அன்னிக்குப் போன்ல பேசினது?"

"நான்."

"உங்களுக்குக் காது எப்படி?"

"நல்லாக் கேக்கும்."

"அதைத்தான் நாங்களும் எழுதியிருக்கோம்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் கையில் இருக்கும் காகிதத்தின்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்டதில் ஒன்று சொன்னார். வியாழக்கிழமைகளில் முன்பதிவு இல்லாதவர்களையும் பார்ப்பார்களாம். வந்து உட்கார வேண்டும், பெயரைக் கூப்பிடும்போது போக வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதம் இரண்டு வியாழன்தான், பிறகு பண்டிகை விடுமுறை.

11ஆம் தேதி வியாழன். வாருங்கள். காலையிலிருந்தே முன்வாசலில், பஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறேன். திட்டுவதானால் அங்கே வைத்துத் திட்டுங்கள்.

நாத்தனார்


டிசம்பர் 12

நாத்தனாருக்கு,

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

பஸ்ஸில் வரவில்லை, பால் வண்டியில் வந்தேன். அது பின்வாசல் வழியாகச் சமையற்கட்டுக்குப் போகிற வண்டி. அங்கேயே இறங்கிக்கொண்டேன். உன்னை விட்டுவிட்டு நானே முடித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான், வேறென்ன.

ஜரிகைக்குள் இருந்த குமாஸ்தாவிடம் சீட்டைக் கொடுத்தேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். முன்வரிசையில், கதவுக்கு நேராக உட்கார்ந்தேன். சுவர் நெடுக ஆட்கள். எல்லாருக்கும் காது சரியில்லை. ஒரு நர்ஸ் அவ்வப்போது கதவைத் திறப்பாள், கையில் இருக்கும் காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே வாயை அசைப்பாள், உள்ளே போய்விடுவாள். குனிந்துகொண்டு பேசினால் உதட்டைக்கூடப் பார்க்க முடியாது. துணைக்கு ஆள் வைத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்து ஒரு கிழவர், அவரும் என்னைப் போலத் தனி ஆள். அவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்களைச் சுற்றி நாற்காலிகள் காலியாயின. கடைசியில் கூட்டுகிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னாள்.

கவுண்டரில் கேட்டேன். சீட்டைத் திருப்பிக் காட்டினார். "அழைக்கப்பட்டார், வரவில்லை" என்று முத்திரை குத்தியிருக்கிறது. முத்திரையே செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

திரும்பும்போது பால் வண்டி முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நீ நின்றுகொண்டிருந்தாய். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிற பஸ் ஒவ்வொன்றின் படியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காலணி நனைந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பால் கறக்க உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

18ஆம் தேதி மறுபடி வருகிறேன். பஸ்ஸில் வருகிறேன். முன்வாசலில் இறங்குவேன். நீ என் பக்கத்தில் உட்கார். பெயரைக் கூப்பிட்டால் என் கையைத் தட்டு. அது போதும். எனக்காக நீ பேச வேண்டாம்.

அண்ணி


டிசம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நாள் முழுக்க ஒன்றாகத்தான் இருந்தோம். அப்படியும் எழுதுகிறேன் என்றால், சில விஷயங்களைத் தாழ்வாரத்தில் நின்று உங்கள் காதில் கத்த முடியவில்லை.

முதலில் வேலை விஷயம், நீங்கள் பாதியில் கோபமாக எழுந்து வந்துவிட்டதால். காது மெஷின் உறுதியாகக் கிடைக்கும் என்றார் டாக்டர். வரிசையெல்லாம் இனிமேல் கிடையாது. ஆனால் காதுக்குள் பொருந்துகிற அச்சை வேறு இடத்தில் வார்க்கிறார்களாம். அந்தப் பட்டறை நாளையிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மூடுகிறது, புத்தாண்டு கழிந்துதான் திறக்கிறது. அச்சு இல்லாமல் மெஷினைச் சும்மா கொடுங்கள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். காதில் நிற்காதாம், விசில் அடிக்குமாம். ஜனவரி நடுவில் வரச் சொல்கிறார்கள். போன் செய்ய வேண்டாம், நேரில் வந்தால் போதும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

இனி என் விஷயம். சோதனை அறைக்குள் என்னை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். காதில் அந்தப் பெரிய வளையத்தை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லிக் காட்டினார்கள் உங்களுக்கு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் முன்னால் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. நீங்கள் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தீர்கள். ரொம்ப நேரம் அப்படியே காத்துக்கொண்டிருந்தீர்கள்.

கொஞ்சம் மந்தம், மீதி பிடிவாதம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன் அண்ணி. அவ்வளவுதான் சொல்ல வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். வந்தால் அன்றைக்கு ரிசீவரை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் நாத்தனார்


டிசம்பர் 22

நாத்தனாருக்கு,

தபால் பண்டிகைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்று பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வா.

நேற்று ஒரு யோசனை செய்தேன். என் வாய் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணும் கண்ணாடி போட்டால் நன்றாக இருக்கிறது. காதுதான் இல்லை, அது உன்னிடம் இருக்கிறது. அவன் பேசுவதை நீ கேட்டுக் காகிதத்தில் எழுது. நான் படித்துவிட்டு அவனுக்குப் பதில் சொல்கிறேன். ரிசீவரின் மேல்முனை உன் காதில், கீழ்முனை என் வாயருகில். பெரிய எழுத்தாக எழுது, உன் எக்ஸ்சேஞ்சுக் கிறுக்கல் வேண்டாம். பென்சில் தடியாக, இரண்டு மூன்றாகக் கொண்டு வா. இங்கே இருப்பது தச்சர் விட்டுவிட்டுப் போன துண்டு.

அவன் சொன்னதை மட்டும் எழுது. உன் சொந்தச் சரக்கு வேண்டாம்.

மேசையைப் போன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன். மணி அடிப்பது எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். டெலிபோன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடிப்பது உள்ளங்கையில் தெரிகிறது. பால் வண்டிக்காரரைக் கடையிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்று மணிக்கே உட்கார்ந்துகொள்வேன்.

படுக்க உன் பழைய அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். சிவப்பு பச்சை விளக்கெல்லாம் இங்கே இல்லை.

அண்ணி


டிசம்பர் 25
(மேசையில் வைத்து எழுதியது)

லைன் வந்துவிட்டது. பேசுங்கள்.

அம்மா, நான்தான்.

அம்மா? யார் எடுத்தது? அம்மாவா?

பண்டிகை வாழ்த்துன்னு சொல்றான்.

ஆமாம், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சரி.

ஏம்மா இவ்வளவு நேரம் கழிச்சுப் பதில் சொல்றே? லைன் கட் ஆகிடுச்சோன்னு பார்த்தேன்.

நீங்களே சொல்லுங்கள்.

எழுதுறாங்களா? அத்தையா? கேட்டு எழுதுறாங்களா?

(சிரிக்கிறான்.)

சரி. மெதுவாப் பேசுறேன். வரிசையில யாரும் இல்ல. எல்லாரையும் முன்னாடி பேச விட்டுட்டு நான் கடைசியா வந்தேன்.

நல்லா சாப்பிடுறேன். நான் சமைக்கிறதை நானே சாப்பிட வேண்டியிருக்கு, அதுதான் கஷ்டம்.

இளைக்கல. அம்மா, போன்ல எப்படித் தெரியும் இளைச்சது?

வான்கோழி எப்படிப் போச்சு? நரியா?

போனாப் போகுது. நீ கதவைத் தாழ் போட்டுட்டுப் படு.

சிடுமூஞ்சி கன்னு போட்டுச்சா? என்ன கன்னு?

நாய் இருக்கா?

போன வருஷம் அத்தைகிட்ட நான் சொன்னது ஒண்ணுமில்லம்மா. இங்க ஒருத்தன் மாவுன்னு நினைச்சு சோப்புத்தூளைப் பிசைஞ்ச கதை. அதுக்குத்தான் அவங்க சிரிச்சாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னேன். நீ எழுந்து போயிட்டேன்னாங்க.

ஜனவரியிலயா? மெஷின் எந்தக் காதுக்கு?

ரெண்டுக்குமா. அப்ப பிப்ரவரியில கூப்பிடும்போது நீயே கேப்பே.

அத்தைகிட்ட குடு, ரெண்டு வார்த்தை பேசுறேன்.

முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். கை வேலையாக இருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் பேசுங்கள்.

[இங்கே ஒரு வரி அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது]

உன் குரல் அப்படியேதான் இருக்கும்மா. தொழுவத்துலேர்ந்து கூப்பிடுவியே, அதே மாதிரி.

அண்ணி, அவன் இப்போது பேசவில்லை. லைன் அறுந்துபோகவில்லை, இருக்கிறான். மூச்சு விடுகிறது கேட்கிறது. அதையும் எழுதுகிறேன்.

மூச்சு விடுகிறான்.

நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சரிம்மா. சரிம்மா. வைக்கிறேன்.

வைத்துவிட்டான்.


ஜனவரி 16

நாத்தனாருக்கு,

நேற்று மெஷினை மாட்டிவிட்டார்கள். நீ கடைசி நேரத்தில் வர முடியாமல் போனதில் ஒன்றும் குறையில்லை, காய்ச்சலோடு நீ வந்திருந்தால்தான் குறை. நர்ஸ் பெயரைக் கூப்பிடும்போது பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் கையைத் தட்டினாள். தட்டச் சொல்லி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கிழவரும் வந்திருந்தார். அவருக்கு நான் தட்டினேன்.

மெஷின் சுகம் என்று சொல்ல மாட்டேன். சீட்டை மடித்தால் தகரம் கிழிகிற மாதிரி இருக்கிறது. என் செருப்புச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்க்கிறேன். மிச்சமிருக்கும் வான்கோழிகள் இத்தனை நாளும் இவ்வளவு கூச்சல் போட்டுக்கொண்டா இருந்தன? மாடு அசைபோடுவது மட்டும் நன்றாக இருக்கிறது. அதை உட்கார்ந்து கேட்டேன்.

நீ எழுதிய காகிதங்களை அலமாரியில் வைத்திருக்கிறேன். நேற்று இரண்டாவது தடவை படித்தேன். ஒரு வரியை அடித்திருக்கிறாய் அல்லவா, நீ பென்சிலை எப்போதும் அழுத்தித்தான் எழுதுவாய். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. "அத்தை, நீங்க ஏன் அழறீங்க" என்று இருக்கிறது.

அவன் சொன்னதை மட்டும் எழுது என்றுதான் சொன்னேன். அதுவும் அவன் சொன்னதுதான். அடித்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் போன் செய்வேன். எடுத்தவுடன் கத்தாதே. எனக்குக் கேட்கும்.

அண்ணி